கிளை கழிக்கக் காலம் உண்டு

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியம் பேசும் புலமை எனக்கில்லை. மெட்ரிகுலேஷன் படித்து, இரயில்வேயில் எழுத்தராக இருப்பவன். ஆயினும், நம் விவேக் நகர் வீடுகளில் நிற்கும் தென்னைக்கும் மாவுக்கும் பயன்படும் செய்தி ஒன்று என்னிடம் உள்ளது. அதனை நான் ஒரு மரத்தை இழந்து கற்றேன்.

எந்தையார் ஊரிலிருந்து கொண்டுவந்து நட்ட தென்னம்பிள்ளை எங்கள் கொல்லையில் வளர்ந்து நின்றது. அவர் மறைந்த பின்னரும் மரம் காய்த்தது. ஓராண்டு ஆனி மாதத்தில், மழை தொடங்கிய வேளையில், மின்கம்பியில் உரசுகின்றதென்று பச்சை மட்டைகள் நான்கைத் தண்டோடு ஒட்ட வெட்டுவித்தேன். வேலை துப்புரவாக முடிந்ததென்று மகிழவும் செய்தேன். சில மாதங்களில் நடுக்குருத்து வாடிற்று. தண்டிலிருந்து செந்நிறச் சாறு கசிந்தது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே கறுமுறுவென்று கடிக்கும் ஓசை! ஒருநாள் கொண்டை சாய்ந்தது. அன்று முழுவதும் என் அன்னையார் கொல்லைப் பக்கம் வரவேயில்லை.

அது சிவப்புக் கூன்வண்டின் வேலை. பச்சை மட்டையை வெட்டிய புண்ணின் வாடை அவ்வண்டை அழைக்கிறது. அது புண்ணில் முட்டையிட, புழுக்கள் தண்டைக் குடைந்து தின்கின்றன. ஐந்து முதல் இருபது ஆண்டு வரையுள்ள மரங்களே இதற்கு மிகுதியும் இரையாகின்றன. எனவே பச்சை மட்டையை வெட்டாதிருத்தலே நன்று. வெட்டியே தீர வேண்டுமானால் தண்டிலிருந்து நான்கடி விட்டு வெட்டுக. புழு தண்டை அடையுமுன் மட்டை காய்ந்துவிடும். மழைக்காலத்தில் குருத்தழுகல் நோயும் பரவுமாதலால், அப்போது குருத்தின் அருகே புண் உண்டாக்குதல் இரட்டைத் தீங்காகும்.

இது தென்னைக்கு மட்டும் உரிய நியதியன்று. அமெரிக்க நாட்டில் ஓக் என்னும் பெருமரத்தை வாட்டும் கொடிய நோய் ஒன்று உண்டு. 1940-களில் அதன் காரணமான பூஞ்சையைக் கண்டறிந்தனர். புதிதாக வெட்டிய கிளையின் சாற்றை நாடிவரும் சிறு வண்டுகள் அப்பூஞ்சையின் வித்துக்களைச் சுமந்து வருகின்றன. ஆகையால் ஏப்ரல் முதல் ஜூலை வரை அங்கு ஓக் மரத்தில் கத்தி வைப்பதில்லை; வண்டு நடமாடாத குளிர்காலத்திலேயே கிளை கழிக்கின்றனர். புயலால் கிளை முறிந்தால், அக்கணமே புண்ணின்மேல் வண்ணம் பூசி மூடுகின்றனர்.

நம் மாமரத்திற்கு வருவோம். கிளை கழிக்க ஏற்ற காலம், காய் பறித்து முடிந்த உடனேயாம். காலந்தாழ்த்தினால் புதுத்தளிர் முற்றாது; மறு ஆண்டுப் பூவும் குறையும். பெங்களூரில் அக்காலம் மழையோடு கலந்து வருவதால், மழை ஓய்ந்து நன்கு வெயில் காயும் நாட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயும் கிளைகளைக் காய்ந்த இடத்தோடு நிறுத்தாது, அதற்குக் கீழே மூன்று அங்குலம் பச்சைப் பகுதியையும் சேர்த்து அறுத்தெறிதல் வேண்டும். ஒரு மரத்தை அறுத்த கத்தியை நன்கு துடைத்துச் சுத்தம் செய்யாமல் மறு மரத்தில் வைத்தலாகாது.

வெட்டுவாய்க்கு மருந்து போர்டோ பசை. பிரெஞ்சு நாட்டில் 1885-ஆம் ஆண்டளவில் திராட்சைக்கென வகுக்கப்பட்ட கலவையின் கெட்டியான வடிவம் இது. மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் நீரிலும், நீற்றிய சுண்ணாம்பு 100 கிராமை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குக. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே தகும், இரும்பு ஆகாது. கலவையில் ஓர் இரும்பு ஆணியைத் தோய்த்தால் செம்பு படிதல் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, அன்றே பூசிவிட வேண்டும்.

இறுதியாக ஒன்று. என் தென்னை வீழ்ந்தபின் அதன் தண்டை அப்படியே கிடக்க விட்டிருந்தேன். அடுத்த வீட்டுக் கன்னடப் பெரியவர் வந்து, "இதிலிருந்து கிளம்பும் வண்டு என் மரத்துக்கு வரும், அப்பா" என்றார். வெட்கித் தலைகுனிந்தேன். இருவரும் சேர்ந்து அதைப் பிளந்து எரித்தோம். அவர் மரம் இன்றும் நிற்கிறது. அதன் இளநீரை என் அன்னையாருக்கு அனுப்பி வைக்கிறார். வேலிக்கு அப்பால் வண்டுக்கு எல்லை இல்லை. நம் கவனத்திற்கும் எல்லை இருத்தலாகாது.

தெருமரங்களை நாமே வெட்டலாகாது என்பதையும் நினைவிற் கொள்க. 1976-ஆம் ஆண்டுக் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் அதற்கென அதிகாரியை அமைத்துள்ளது.

வண்டிக்குக் கால அட்டவணை உள்ளதுபோல் மரத்திற்கும் உண்டு. அதனை அறிந்து கத்தி எடுப்போமாக!