வானூர்ந்தோர்க்கு ஒரு நடுகல்

(இலக்கிய வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீழ்ந்தவனுக்குக் கல் நடுவது தமிழர் மரபு. மதுரைக்கு மேற்கே, ஆண்டிப்பட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்று, கூடல் ஊர் ஆகோளையும் தீயன் அந்தவன் என்பானையும் குறிக்கிறது. முடிமன்னன் என்னும் குறிப்பு அக்கல்லில் இல்லை. ஆயினும் அவன் பெயரை ஈராயிரம் ஆண்டுக்கு மேலாகக் கல் காத்து நிற்கிறது.

இம்மரபை நெஞ்சிற்கொண்டு கடல்கடந்த நினைவிடம் ஒன்றை நோக்குவோம். அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரை மணல்வெளியில், 1903 டிசம்பர் 17ஆம் நாள், ரைட் உடன்பிறப்பினர் பொறி பூட்டிய வானூர்தியில் நான்கு முறை பறந்தனர். அங்குள்ள குன்றின்மேல் 60 அடி உயரக் கல்தூண் ஒன்று 1932இல் திறந்து வைக்கப்பட்டது. உள்ளத்தைத் தொடுவது அத்தூண் அன்று. கீழே சமவெளியில் நிற்கும் கற்களே. புறப்பட்ட இடத்தில் ஒன்று. தரை தொட்ட இடங்களில் நான்கு. முதல் முறை பறந்தது 12 நொடி, 120 அடி. நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் உயரமோ ஏறத்தாழ 170 அடி. அக்கோபுரத்தைக் கிடத்தினால் அதன் நீளத்தைக்கூட அப்பயணம் கடக்கவில்லை. நான்காம் முறை 852 அடி சென்றனர். நெடிய வெற்றிக்கு மட்டுமன்றிக் குறுகிய முயற்சிக்கும் கல் நட்டமையே அவ்விடத்தின் மாண்பு.

தமிழ் மண்ணிலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், 1909இல் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியால் கிளர்ச்சியுற்றார். தாமே வானூர்தி ஒன்றை வரைந்தார். வண்டி கட்டுவதில் பெயர்பெற்ற சிம்சன் நிறுவனத்தார் அதனை உருவாக்கினர். 1910இல் பல்லாவரத்தில் சோதித்தபின், தீவுத்திடலில் மக்கள் காணப் பறந்து காட்டினார். சமையற்கூடமும் விருந்தினர் அறையும் அறிந்த ஒருவர், வண்டி கட்டுவோர் கைத்திறனை நம்பி வானில் ஏறினார் என்பது எண்ணுந்தோறும் வியப்பளிப்பது.

வானூர்தி என்றதும் நம் மேடைகளில் முழங்குவது வேறு. புறநானூற்றின் 27ஆம் பாடலையும் சீவக சிந்தாமணியின் மயிற்பொறியையும் காட்டி, அன்றே நாம் பறந்தோம் என்கிறோம். கற்பனையின் உயர்வைச் சான்றாகக் கொள்வது கவிதைக்கும் வரலாற்றுக்கும் ஒருசேர இழைக்கும் தீங்கு. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சொன்னது பொறியியல் அன்று. புலவரால் பாடப்பெற்றோர்க்கே, பாகன் இன்றி இயங்கும் அவ்வூர்தி வாய்க்கும் என்பது அவர் கருத்து. திருத்தக்கதேவரும் விசயையை ஏற்றிச் சென்ற மயிலைச் சுடுகாட்டில்தான் இறக்கினார். ஏறுவது இறங்கும் என்பதை அப்பெருங்கவிஞர் மறக்கவில்லை.

ஆகவே அப்புறப்பாட்டு நம்மிடம் வேண்டுவது பெருமிதத்தை அன்று, கடமையை. பாடப்பெற்றோர்க்கு வானூர்தி உண்டு என்றது பழம்பாட்டு. தம் கையால் வானூர்தி சமைத்தோர்க்குப் பாட்டு உண்டா? பிறப்பால் அயலாராயினும் இம்மண்ணில் முயன்றவர் டி ஏஞ்சலிஸ். அவர் வரைந்ததை வடிவாக்கிய தொழிலாளரும் நம் நினைவுக்கு உரியவர்களே. கல் நடுவதற்கு அரசாணை வேண்டும், நிலம் வேண்டும். கவிதை நடுவதற்கு அவை வேண்டா. ஆகோளில் பட்டவனை மறவாத மண்ணின் கவிஞர்கள், சில நொடிப் பறத்தலையும் பாடுவார்களாக.