எந்த வரியில் பிழை?



கட்டுரை எழுதக் கற்றுத்தர எத்தனையோ பயிலரங்குகள் நடக்கின்றன. பிறர் கட்டுரையைப் படித்து மதிப்பிடக் கற்றுத்தருவோர் அரிது. முனைவர் பட்டம் வாங்கிய சில மாதங்களில் ஏதோ ஓர் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வருகிறது: மூன்று வாரத்துக்குள் உங்கள் கருத்து வேண்டும். அவ்வளவுதான், நாமும் மதிப்பாய்வாளர் ஆகிவிடுகிறோம். அந்தக் குறையைப் போக்கவே இக்கருத்தரங்கைக் கூட்டியிருக்கிறார்கள். தலைமை ஏற்ற உரிமையில் உங்கள்முன் ஒரே ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஒரு கட்டுரை தவறு என்று எழுதினால், எந்த வரியில் தவறு என்பதையும் எழுதுங்கள்.

1845-ஆம் ஆண்டு, பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் ஆசிரியராக இருந்த ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன், லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். வாயுவின் வெப்பம் என்பது அதன் மூலக்கூறுகளின் ஓட்டமே என்று கணக்கிட்டுக் காட்டியிருந்தார். அதைப் படித்த மதிப்பாய்வாளர் ஒருவர், இது வெறும் பிதற்றல், சங்கக் கூட்டத்தில் படிக்கவும் தகுதியற்றது என்று எழுதி முடித்துக்கொண்டார். சங்கத்தின் வழக்கப்படி கட்டுரை அவர்களின் காப்பகத்திலேயே தங்கிவிட்டது. 1857-இல் கிளாசியஸும் 1860-இல் மேக்ஸ்வெல்லும் அதே பாதையில் தாமாகவே வந்து சேர்ந்தார்கள். 1883-இல் எடின்பரோவில் வீட்டைவிட்டு வெளியே போன வாட்டர்ஸ்டன் திரும்பி வரவே இல்லை. 1891-இல் ராலே பிரபு காப்பகத்தில் அந்தக் கட்டுரையைக் கண்டெடுத்தார். மறு ஆண்டு சங்கத்தின் இதழிலேயே அச்சேற்றினார். அந்தக் கட்டுரையில் குறைகளும் இருந்தன. இன்ன கணக்கு சரியில்லை என்று அந்த மதிப்பாய்வாளர் எழுதியிருந்தால், பம்பாயில் இருந்த அந்த மனிதருக்குத் திருத்திக்கொள்ள ஒரு பிடி கிடைத்திருக்கும். ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

இதற்கு நேர்மாறானது 1936-இல் நடந்தது. ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் ஈர்ப்பலைகளே இல்லை என்ற முடிவோடு ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ இதழுக்குக் கட்டுரை அனுப்பினார்கள். பதிப்பாசிரியர் ஜான் டேட் அதை மதிப்பாய்வுக்கு அனுப்பினார். அண்டவியல் அறிஞர் ஹெச். பி. ராபர்ட்சன் பத்துப் பக்கத்துக்குப் பதில் எழுதினார். கட்டுரையாளர்கள் தங்கள் கணக்கில் கண்ட முட்டுக்கட்டை ஆயத்தொலைவுகளைத் தேர்ந்த விதத்தில் எழுந்தது. உருளை வடிவ அலைகளாகக் கொண்டால் அது நீங்கிவிடும் என்று கணக்கோடு காட்டினார். ஐன்ஸ்டைன் சினந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் 1937-இல் வேறோர் இதழில் அது வெளிவந்தபோது முடிவு மாறியிருந்தது. மதிப்பாய்வாளரின் பெயர் 2005-இல்தான் வெளியே தெரிந்தது. உலகமே போற்றும் ஒருவரின் கட்டுரைக்கு, தன் பெயர் வெளிவராது என்று தெரிந்தே, பத்துப் பக்கம் உழைத்த ராபர்ட்சனை நான் வணங்குகிறேன்.

நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1952 முதல் 1971 வரை ‘ஆஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்’ இதழின் நிர்வாகப் பதிப்பாசிரியராக இருந்தார். 1958-இல், சூரியனிலிருந்து ஒலியை மிஞ்சிய வேகத்தில் ஓயாமல் ஒரு காற்று வீசுகிறது என்று யூஜின் பார்க்கர் என்ற இளைஞர் எழுதிய கட்டுரை அவரிடம் வந்தது. மதிப்பாய்வாளர்கள் இருவரும் மறுத்தார்கள். சந்திரசேகருக்கும் பார்க்கரின் முடிவில் உடன்பாடில்லை. ஆனால் மறுத்தவர்கள் எந்தச் சமன்பாட்டிலும் பிழை காட்டவில்லை. தாமும் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. கட்டுரையை வெளியிட்டார். 1962-இல் வெள்ளியை நோக்கிப் போன மாரினர் 2 விண்கலம் அந்தக் காற்றை வழியெல்லாம் அளந்துகொண்டே போனது. 2018-இல் பார்க்கரின் பெயர் தாங்கிய விண்கலம் சூரியனை நோக்கிக் கிளம்பியபோது, அவரே நேரில் நின்று பார்த்தார். தனக்கு ஒவ்வாத முடிவுக்கும் இடம் கொடுத்த அந்த நேர்மையைப் பற்றி நம் ஆய்வு மாணவர்கள் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

மதிப்பாய்வு எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலைச் சேர்ந்தவர்கள் ஒரு கட்டுரையில் வேண்டுமென்றே 8 குறைகளைப் புகுத்தி, 420 பேருக்கு அனுப்பிச் சோதித்தார்கள். முடிவு 1998-இல் வெளியானது. கருத்து அனுப்பியவர்கள் சராசரியாகச் சுட்டிக்காட்டியவை இரண்டே இரண்டு. அவர்களும் நம்மைப் போல் மற்ற வேலைகளுக்கு இடையில் படித்தவர்கள்தாம். ஆகவே எதை முதலில் பார்ப்பது என்ற பழக்கம் வேண்டும்.

நான் முன்னுரையை முதலில் படிப்பதில்லை. நேரே அட்டவணைக்குப் போவேன். மதிப்பாய்வுக்கு வரும் கட்டுரை ரகசியம் என்பதால், எடுத்துக்காட்டு ஒன்றை நானே புனைந்து சொல்கிறேன். இருபது கிணறுகளின் நீரைச் சோதித்தோம், 47 விழுக்காட்டில் ஃபுளோரைடு மிகுதி என்று ஒரு வரி. இருபதில் ஒரு கிணறு என்றால் 5 விழுக்காடு. ஒன்பது என்றால் 45, பத்து என்றால் 50. 47 எப்படி வந்தது? சில மாதிரிகளை விட்டுவிட்டார்களா, வேறு எண்ணிக்கையால் வகுத்தார்களா? இந்த ஒரு கேள்வியை அட்டவணை எண்ணோடு எழுதி அனுப்பினால், கட்டுரையாளர் பழைய குறிப்பேட்டைத் திறந்தே ஆகவேண்டும். ‘புள்ளியியல் பகுதி பலவீனம்’ என்று பொதுவாக எழுதினால், இரண்டு வாக்கியம் சேர்த்து அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்.

இன்னொன்று. ‘ஆங்கிலம் சரியில்லை’ என்ற ஒரே காரணத்துக்காக நம் பிள்ளைகளின் கட்டுரைகள் திரும்பி வருகின்றன. அதையே நாம் பிறருக்குச் செய்ய வேண்டாம். எந்த வாக்கியம் புரியவில்லை என்று குறித்துக் கொடுங்கள். மொழியைத் திருத்துவது பிறகு.

இன்று பிற்பகல் பயிற்சி அமர்வில், முன்பே அச்சான ஒரு கட்டுரை உங்கள் கைக்கு வரும். எழுதியவர் பெயரை மறைத்திருக்கிறோம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு குறைக்கும் பக்கமும் வரியும் குறிப்பிடவேண்டும். குறிப்பிடாதவற்றை நாங்கள் வாசிக்கமாட்டோம். நாளைக் காலை அவற்றை அவையில் வைத்து விவாதிப்போம். கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.