படுக்கையருகே தொடங்கும் ஆய்வு



தலைமை உரை என்றால் தலைப்பின் பெருமையைச் சொல்லி, வந்தவர்களை வாழ்த்தி, நேரத்துக்குள் உட்கார்ந்துவிடுவது மரபு. வாழ்த்து நிச்சயம் உண்டு. அது போக, ஒரே ஒரு வாதத்தை மட்டும் அவை முன் வைக்கிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களைப் பராமரிக்கும் ஓர் இல்லம் தரமானதா, ஆபத்தில்லாததா என்று பார்க்கப் போகிறவர் அலுவலக அறையில் தொடங்கினால் விடை கிடைக்காது. அவர் நேரே படுக்கையருகே போக வேண்டும். பதிவேடுகளை அப்புறம் புரட்டலாம்.

நம் மாநிலத்தில் இந்தப் பேச்சை ஏர்வாடியைச் சொல்லாமல் தொடங்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியில்லாமல் எரிந்தார்கள். மொத்தம் 28 பேர். அது மனநோயாளிகளை வைத்திருந்த இடம், முதியோர் இல்லமன்று. ஆனாலும் நமக்கான பாடம் அங்கே இருக்கிறது. அத்தகைய இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்லியிருந்தது. சங்கிலியும் ஒன்றும் ரகசியமாக இருக்கவில்லை. போய்ப் பார்ப்பது மட்டும் யாருடைய அன்றாட வேலையாகவும் இல்லாமல் போயிற்று.

இப்போது நிலைமை என்ன? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. 2021க்கான மதிப்பீடு 13.6 விழுக்காடு. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும். பக்கவாதம் வந்த அப்பாவை, நினைவு தப்பிய அம்மாவை யார் பார்ப்பது என்ற கேள்விக்குத் தெருவுக்குத் தெரு பலகை மாட்டிய வீடுகள் பதில் சொல்கின்றன. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 பேர் தங்கும் அளவில், இல்லம் அமைப்பதைப் பற்றி அது பேசுகிறது. மருத்துவ நிறுவனங்களுக்கோ 1997இலேயே தனிச் சட்டம். அதன் விதிகள் 2018இல்தான் வந்தன. முதியோர் இல்லம் சமூக நலத்துறைப் பக்கம், மருத்துவமனை நல்வாழ்வுத்துறைப் பக்கம். மூக்கில் ரைல்ஸ் டியூப், கீழே யூரின் பை, முதுகில் படுக்கைப்புண் என்று ‘முதியோர் இல்லம்’ என்ற பலகைக்குப் பின்னால் படுத்திருக்கிறாரே ஒருவர், அவர் எந்தப் பக்கம்? இரண்டு துறை நண்பர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இடைவேளைக்குள் பேசி முடித்துவிட்டால் நாடு உங்களை வாழ்த்தும்.

சரி, ஆய்வுக்கு வருவோம். ‘நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் வர்றாங்களாம்’ என்று முதல் நாளே ஒரு போன் போய்விடுகிறது. மறுநாள் போனால் கல்யாண வீடு மாதிரி இருக்கும். புதுப் படுக்கை விரிப்பு, பினாயில் வாசனை, தலைக்கு எண்ணெய் வைத்து வாரிய பாட்டிமார்கள், மேசைமேல் பிஸ்கட்டும் டீயும். தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதி, சமையலறையின் உணவுப் பாதுகாப்புச் சான்று, வருகைப் பதிவேடு, எல்லாம் அடுக்கி வைத்திருக்கும். இவற்றை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. தீயணைப்புக் கருவி காலாவதியாகியிருந்தால் அது பெரிய குற்றம். ஆனால் இவையெல்லாம் ஒரே இரவில் சரிசெய்து வைக்கக்கூடியவை. ஒரே இரவில் சரிசெய்ய முடியாதது மனித உடம்பு.

திரும்பிப் படுக்க முடியாதவரை இரண்டு மணிக்கொரு தரம் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்பது செவிலியர் பயிற்சியில் முதலில் படிப்பது. அதற்கென்று ஒரு அட்டவணை கால்மாட்டில் தொங்கும். ஓர் இல்லத்தில் ஓர் அம்மாவின் கட்டிலில் தொங்கிய அட்டவணையை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று வரிசையாக டிக். ஒரே பேனா, ஒரே சாய்வு. கடிகாரத்தில் அப்போது காலை பதினொன்றரை. இன்னும் வராத பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் அந்த அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டார்கள்! பதிவேட்டை மட்டும் பார்க்கிறவர் அந்த இல்லத்துக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பார். விரிப்பை விலக்கிக் குதிகாலைப் பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை. தொட்டால் சுட்டது, சுற்றியிருந்த தோலைவிடக் கெட்டியாகவும் இருந்தது.

மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். படுக்கைப்புண்ணின் முதல் நிலை தோல் சிவப்பது, அழுத்தினால் அந்தச் சிவப்பு வெளுக்காது என்று பாடநூல் சொல்லும். அது வெள்ளைத் தோலை வைத்து எழுதியது. நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. புறங்கையால் தொட்டு வெப்பம் பார்க்க வேண்டும், விரலால் அழுத்திக் கெட்டியா, கொழகொழப்பா என்று பார்க்க வேண்டும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகுத்தண்டின் அடி, காது மடல், எல்லாவற்றையும் தொட வேண்டும். வெளிநாட்டுப் படிவத்தைத் தமிழில் பெயர்த்து ‘தோல் சிவந்துள்ளதா? ஆம் / இல்லை’ என்று அச்சடித்தால், மாநிலம் முழுக்க ‘இல்லை’ என்றே பதில் வரும்.

எடையும் அப்படித்தான். ஐம்பது கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ இறங்கினால், அதாவது ஐந்து விழுக்காடு, அதை ஆபத்து அறிகுறியாக எடுத்துக்கொள்வது வழக்கம். சமையலறை மெனு அட்டையில் வெண்பொங்கலும் அவித்த முட்டையும் எழுதியிருக்கலாம். ஊட்டிவிட ஆளில்லாவிட்டால் தட்டு அப்படியே திரும்பிப் போகும். எடைக் குறிப்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எடை போடும் கருவியே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில். தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுகிறதா, நாக்கு வறண்டிருக்கிறதா, அழைப்பு மணியின் கயிறு கட்டிலுக்குப் பின்னால் சொருகிக் கிடக்கிறதா, பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு தளமே தூங்கி வழிகிறதா? கடைசியாகச் சொன்னதைப் பார்த்தால் மாத்திரைச் சீட்டுகளைக் கேளுங்கள். மறதி நோயாளிகளை அடக்கி வைக்க மனநோய் மருந்து கொடுப்பது கண்ணுக்குத் தெரியாத சங்கிலி. அதனால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துத் துறை 2005இலேயே எச்சரித்துவிட்டது.

அங்கே இருப்பவர்களிடம் கேட்கலாமே என்பீர்கள். கேட்க வேண்டும்தான். ‘எப்படிம்மா கவனிச்சிக்கிறாங்க?’ என்றால், ‘ஒரு குறையுமில்லம்மா, நல்லா வச்சிருக்காங்க’ என்ற பதில் வரும். வாய் என்னைப் பார்த்துப் பேசும், கண் எனக்குப் பின்னால் நிற்கும் மேனேஜரைப் பார்க்கும். நான் போன பிறகும் அவர் அங்கேதானே இருந்தாக வேண்டும்! மேனேஜரை வெளியே அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சின்னதாகக் கேட்க வேண்டும். ‘நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?’ ‘பாத்ரூம் போகணும்னா யாரைக் கூப்பிடுவீங்க? வர்றதுக்கு எவ்வளவு நேரமாகும்?’ புகாராகச் சொல்லத் தயங்குபவர்கூட நடந்ததைக் கதையாகச் சொல்லிவிடுவார். பேச்சே போனவர்களுக்கு இதுவும் உதவாது. அவர்களுக்காகச் சாப்பாட்டு வேளை முழுவதும் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

ஆய்வுகள் எப்படி நடக்கின்றன என்பதையே ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் பிரெய்த்வெயிட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இங்கிலாந்து மூன்றிலும் ஆய்வாளர்களுக்குப் பின்னாலேயே போய்க் கவனித்தார்கள். அமெரிக்காவில் அப்போது ஐந்நூறுக்கும் மேற்பட்ட நுணுக்கமான விதிகள். ஆஸ்திரேலியாவில் 31 பரந்த தரநிலைகள் மட்டுமே. விதி நுணுக்கமாக நுணுக்கமாக, எந்த ஆய்வாளர் போனாலும் ஒரே முடிவு வரும் என்று நாமும் நினைப்போம். நடந்தது நேர்மாறு. அந்த 31ஐ வைத்துப் பார்த்தவர்களிடையேதான் ஒற்றுமை அதிகம் இருந்தது. காரணம் எளிது. ஐந்நூறையும் யாராலும் பார்க்க முடியாது. அவரவர் பழகியதை மட்டும் பார்த்துவிட்டு மீதியை விட்டுவிடுகிறார்கள். 2007இல் வந்த நூலில் இந்த நோயை அவர்கள் சடங்குத்தனம் என்றே அழைத்தார்கள். இங்கே படிவங்களைத் தயாரிக்கும் நண்பர்கள் அந்த நூலைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளலாம்.

அதே ஆஸ்திரேலியாவும் சறுக்கியது. தெற்கு ஆஸ்திரேலியாவில் ஓக்டன் என்ற இடத்தில், மனநோயுள்ள முதியவர்களுக்கான அரசு இல்லம் அங்கீகாரச் சோதனைகளில் தேறிக்கொண்டே வந்தது. உள்ளே நடந்த கொடுமை வெளிவந்தது ஆய்வாளரால் அன்று. தந்தையின் உடம்பில் காயத்தடங்களைப் பார்த்துக் கேள்வி கேட்ட ஒரு குடும்பத்தால். 2017இல் அந்த இடம் மூடப்பட்டது. மறு ஆண்டு ஜூலையிலிருந்து மறு அங்கீகார ஆய்வுகள் முன்னறிவிப்பில்லாமல் நடக்கத் தொடங்கின. அடுத்து முதியோர் பராமரிப்பை விசாரிக்க அரச ஆணையம், 2021 மார்ச்சில் அதன் அறிக்கை, 148 பரிந்துரைகள். அதன் தொடர்ச்சியாக 2023 ஜூலையிலிருந்து பகலிரவு முழுக்கப் பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் இல்லத்தில் இருப்பது கட்டாயமாயிற்று. ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு என்ற அளவு 2024 அக்டோபரில் வந்தது. நம் இல்லங்களில் இரவு ஒரு தளத்துக்கு ஒரு ஆயா என்பதை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் இரவு ஆய்வு வேண்டும் என்கிறேன். பகலில் கையெழுத்துகளை எண்ணலாம், ஆட்களை இரவில்தான் எண்ண முடியும்.

திடீர் வருகை என்று சட்டத்தில் எழுதினால் மட்டும் போதாது. அமெரிக்காவின் 1987ஆம் ஆண்டு முதியோர் இல்லச் சீர்திருத்தச் சட்டம், ஆய்வுத் தேதியை முன்கூட்டியே இல்லத்துக்குச் சொல்பவருக்கு 2,000 டாலர் வரை அபராதம் வைத்தது. நம்மூரில் அந்த முதல் நாள் போனுக்கு என்ன விலை வைக்கலாம் என்பதை இரண்டாம் அமர்வில் பேசுங்கள்.

இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணையம் 2009இலிருந்து இயங்குகிறது. பாதுகாப்பு, பலன், பரிவு, தேவையறிந்து நடத்தல், நிர்வாகம் என்று ஐந்து கேள்விகள், நான்கு தரவரிசைகள். கிடைத்த தரத்தை இல்லம் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும் என்பது 2015 முதல் சட்டம். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. நம் ஊரில் ஆய்வறிக்கை கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது, அம்மாவைச் சேர்க்க வரும் மகளுக்கு அது தெரிவதேயில்லை. ஆனால் பாருங்கள், அந்த ஆணையத்தையே 2024இல் பெனலோப் டாஷ் என்பவர் ஆய்வு செய்தபோது, அதன் கீழ் உள்ள இடங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு ஒருபோதும் தரம் வழங்கப்படவில்லை என்று தெரிந்தது. மறதி நோயுள்ள ஒருவரைச் சந்தித்தேயிராத ஆள் முதியோர் இல்லத்துக்கு ஆய்வாளராகப் போயிருக்கிறார். கேள்விகள் ஐந்தும் நல்ல கேள்விகள்தான். கேட்கப் போனவருக்குப் பதில் புரிய வேண்டுமே!

காகிதத்தை நம்பியதன் விலைக்கு இன்னொரு சான்று, அமெரிக்காவின் ஃபுளோரிடா. 2017 செப்டம்பரில் இர்மா புயலில் ஹாலிவுட் நகரத்து இல்லம் ஒன்றில் குளிர்சாதனத்துக்கான மின்சாரம் போனது. வெப்பம் ஏறிக்கொண்டே போயிற்று. 12 முதியவர்கள் மடிந்தார்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் மின்சாரத்தோடு இயங்கும் மருத்துவமனை. பேரிடர்த் திட்டம் எழுத்தில் இருந்தது. அதன்பின் அந்த மாநிலம் ஜெனரேட்டரைக் கட்டாயமாக்கியது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு, ஜெனரேட்டர் இருக்கிறதா என்பதோடு எந்தத் தளத்தில் இருக்கிறது என்றும் கேட்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மே மாதத்து வேலூரில் நான்கு மணி நேர மின்வெட்டுக்கு என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். தாளைக் காட்டினால், ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இல்லம் நடத்துபவர்கள் முகம் சுருங்குவது மேடையிலிருந்து தெரிகிறது. உங்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. இங்கே ஆய்வாளர் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஆயுதம், மூடி முத்திரை வைப்பது. ஏர்வாடியில் தீக்குப் பிறகு அங்கிருந்த அத்தகைய இல்லங்களை மொத்தமாக மூடினார்கள். 500க்கும் மேற்பட்டவர்களை அரசு பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு மாவட்டத்திலும் அதைச் செய்ய இடம் எங்கே? அதனால்தான் ஆய்வாளர் குறையைக் கண்டும் காணாமல் திரும்பி வருகிறார். இடையில் படிகள் வேண்டும்: அங்கேயே சொல்லித் திருத்துவது, தவணையோடு எழுதிக் கொடுப்பது, திரும்பிப் போய்ப் பார்ப்பது, புதிதாக ஆள் சேர்க்கத் தடை, அபராதம், நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைப்பது. இவற்றில் மிக மலிவானதும் அதிகம் பலன் தருவதும் திரும்பிப் போய்ப் பார்ப்பது. மிக அரிதாக நடப்பதும் அதுதான்.

பிற்பகலில் ஒரு மாதிரி ஆய்வுப் படிவம் விவாதத்துக்கு வருகிறது. முன்பே அனுப்பியிருந்தார்கள், படித்தேன். உழைத்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் கட்டடத்தில் தொடங்கிச் சான்றிதழ், பணியாளர், சமையலறை என்று போய், முதியவர் கடைசிப் பக்கத்தில்தான் வருகிறார். அந்தப் பக்கத்தை முன்னால் கொண்டு வாருங்கள். குதிகாலைத் தொட்டுப் பார்த்ததற்கும் எடை போட்டதற்கும் அதில் கட்டம் போடுங்கள். ஆய்வுக் குழுவில் ஒரு செவிலியர் கட்டாயம் என்று எழுதுங்கள். இரவு வருகைக்கு வண்டி யார் தருவது, பெண் அலுவலருக்குத் துணை யார், அந்தச் செலவு எந்தத் தலைப்பில் வரும் என்பதையும் இன்று மாலைக்குள் முடிவு செய்ய முயல்வோம். இரண்டு துறை அலுவலர்களும் அதுவரை இருப்பதாக வாக்களித்திருக்கிறார்கள். முதல் கட்டுரையைப் படிக்க அழைக்கிறேன். நேரம் பதினைந்து நிமிடம். மணியடிக்கும் பொறுப்பு என்னிடம்தான் இருக்கிறது.