மீன் குளத்தில் சேரும் சேறு

மூவார் வட்டாரத் தோட்டங்களில் வீட்டுக்குப் பின்னே சிறு குளம் வெட்டித் திலாப்பியாவும் லம்பாமும் கெலியும் வளர்ப்போர் உண்டு. விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நின்றால், பசியென்று எண்ணி நாம் தீனி போடலாகாது. அது மூச்சுத் திணறல்.

மிஞ்சிய தீனியும் மீன் கழிவும் உதிர்ந்த இலைகளும் அடியில் தங்கி அழுகுகின்றன. அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவைச் செலவழித்துவிடுகின்றன. இரவில் பாசியும் பிராணவாயு தருவதில்லை. ஆகவே விடியுமுன் அது மிகவும் குறைந்துவிடும். கெலி மேற்காற்றைச் சுவாசித்துப் பிழைக்கும், மற்றவை மாளும்.

அப்போது என்ன செய்யலாம்? தீனியை நிறுத்துவோம். சேற்றைக் கலக்காமல், குளத்து நீரையே வாளியால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவோம், காற்று கலக்கும். பிறகு கால் பங்கு நீரை மாற்றுவோம். குழாய் நீரானால் குளோரின் நீங்க ஒரு நாள் திறந்து வைத்தபின் விடுவோம்.

மீனெல்லாம் பிடித்ததும் குளத்தை வடித்து, கருஞ்சேற்றை அள்ளி வாழைக்கு இடுவோம். தரை வெடிக்கும்வரை காயவிட்டு, 10 அடிக்கு 10 அடி இடத்துக்கு 1 கிலோ விவசாயச் சுண்ணாம்பு தூவுவோம். மீன் இருக்கையில் சுண்ணாம்பு கொட்டலாகாது.

இனி, கால் மணி நேரத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவே தீனி போடுவோம். நம் கூலியில் வாங்கிய தீனியே நம் மீனைக் கொல்ல விடலாமா?