கதிர்ப்படமும் கணிப்பொறியும்: சித்தூர் வட்டாரத்திலிருந்து சில சிந்தனைகள்



வளர்ச்சி என்று சொன்னால் அணைகளும் ஆலைகளும் சாலைகளுமே முதலில் நம் நினைவுக்கு வருகின்றன. மருத்துவமனை எக்ஸ்ரே அறையில் இருக்கும் கணிப்பொறியைப் பற்றிப் பேசப் பொருளாதாரம் பயின்ற ஒருவன் ஏன் முன்வர வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அந்த அறையில் நடைபெறுவது அரிதான ஒரு வளத்தைப் பங்கிடும் வேலை என்பதே என் விடை. எக்ஸ்ரே கருவியை ஒரு சிற்றூரில் கூட நிறுவிவிடலாம். அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஒருவரையும் அமர்த்திவிடலாம். எடுத்த படத்தைப் பார்த்து, இது காசநோயா, நிமோனியாவா, பழைய தழும்பா என்று அறுதியிட்டுக் கூறும் கதிரியல் வல்லுநர்தான் அங்கே கிடைப்பதில்லை. அவர்கள் பெருநகரங்களில் குவிந்திருக்கிறார்கள். ஆகவே ஒன்று நோயாளி நகருக்குச் செல்ல வேண்டும்; அல்லது படம் செல்ல வேண்டும். நோயாளி சென்றால் பேருந்துக் கட்டணம், உடன் வருபவரின் ஒரு நாள் கூலி, தங்கும் செலவு ஆகியவை அவர் தலையில் விழுகின்றன. இச்செலவுகள் எந்த மருத்துவமனையின் வரவு செலவுக் கணக்கிலும் இடம் பெறுவதில்லை.

ராண்ட்ஜன் 1895ஆம் ஆண்டு நவம்பரில் எக்ஸ்ரே கதிரைக் கண்டறிந்தார். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் படம் என்றால் வெள்ளி உப்பு பூசிய பிலிம்தான். பிலிமுக்கு ஒரு குணம் உண்டு: அது ஒரு நேரத்தில் ஓரிடத்தில் மட்டுமே இருக்க முடியும். அறுவை மருத்துவரின் மேசையில் இருந்தால் வார்டில் இல்லை. வார்டில் தொலைந்தால் எங்குமே இல்லை. தொலைந்த படத்திற்காக நோயாளி மீண்டும் கதிர்வீச்சுக்கு உள்ளாக வேண்டியிருந்தது. 1971இல் இலண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டபோது, படம் பிறக்கும்போதே எண்களாகப் பிறந்தது. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் தனக்கென ஒரு மொழி பேசியது. அமெரிக்கக் கதிரியல் வல்லுநர் கழகமும் கருவி உற்பத்தியாளர் சங்கமும் 1983இல் கூட்டுக் குழு ஒன்றை அமைத்தன. 1985இல் முதல் தரவரையறை வெளிவந்தது. 1993 முதல் அது ‘டைகாம்’ என்ற பெயரில் உலகப் பொது மொழியாயிற்று.

இன்றைய கதிரியல் துறையில் இரண்டு அமைப்புகள் இணைந்து இயங்குகின்றன. யாருக்கு, எப்போது, என்ன படம் எடுக்க வேண்டும், அறிக்கை எழுதப்பட்டதா, கட்டணம் செலுத்தப்பட்டதா என்பவற்றைக் கவனிப்பது கதிரியல் தகவல் அமைப்பு. படங்களைச் சேமித்து, கேட்ட இடத்திற்கு அனுப்புவது ‘பாக்ஸ்’ எனப்படும் படக் காப்பகத் தொடர்பு அமைப்பு. முன்னது பதிவேடு, பின்னது கிடங்கும் அஞ்சலும். கிடங்கை வாங்கிவிட்டுப் பதிவேட்டை மறந்துவிடும் மருத்துவமனைகள் உண்டு; அங்கே படங்கள் சேரும், பயன் சேராது.

இத்துறையில் சித்தூர் மாவட்டத்திற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. தவணம்பள்ளி மண்டலத்தில் உள்ள அரகொண்டா என்னும் சிற்றூர், அப்பல்லோ மருத்துவமனைகளின் நிறுவனர் டாக்டர் பிரதாப் சி. ரெட்டியின் சொந்த ஊர். அங்கு அமைந்த மருத்துவமனையைச் சென்னையோடு இணைத்த தொலைமருத்துவ நிலையத்தை, இந்தியாவுக்கு வந்திருந்த அமெரிக்க அதிபர் கிளிண்டன் 2000ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் தொடங்கி வைத்தார். முதலில் ஐ.எஸ்.டி.என். தொலைபேசி இணைப்பு, பின்னர் 2001இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தன் தொலைமருத்துவ முன்னோடித் திட்டத்தின் கீழ்ச் செயற்கைக்கோள் இணைப்பை அளித்தது.

அன்றைய இணைப்பின் அருமையை ஒரு சிறு கணக்கால் உணரலாம். 2,000க்கு 2,500 புள்ளிகள் கொண்ட ஒரு மார்பு எக்ஸ்ரேயில் 50 லட்சம் புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு இரண்டு பைட் என்றால் ஒரு கோடி பைட். அதாவது எட்டுக் கோடி பிட். வினாடிக்கு 1,28,000 பிட் செல்லும் ஐ.எஸ்.டி.என். இணைப்பில் இதைச் சுருக்காமல் அனுப்பப் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகும். 300 துண்டுகள் கொண்ட ஒரு சி.டி. ஸ்கேனோ இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும். இன்று வினாடிக்கு பத்துக் கோடி பிட் செல்லும் கண்ணாடி இழை இணைப்பில் அதே ஸ்கேன் பதின்மூன்று வினாடிகளில் சென்றுவிடுகிறது. தலையில் அடிபட்டு வந்தவருக்கு உள்ளே இரத்தக் கசிவு உண்டா என்று அறியக் காத்திருக்கும் மருத்துவருக்கு இந்த வேறுபாடு என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

திருப்பதியின் நிலை வேறு வகையானது. 2022 ஏப்ரலில் தனி மாவட்டமாகிவிட்ட அந்நகரில் ரூயா அரசு மருத்துவமனையும், திருமலை திருப்பதி தேவஸ்தானம் நிறுவிய ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனமும் உள்ளன. வல்லுநர்களுக்குப் பஞ்சம் என்று அங்கே சொல்ல முடியாது. ஆனால் வரும் நோயாளிகளில் பலர் யாத்திரிகர்கள். மலைப்பாதையில் விழுந்து எலும்பு முறிந்தவர் சேலத்துக்காரராக இருக்கலாம். நெஞ்சுவலி வந்தவர் பெல்லாரியிலிருந்து வந்திருக்கலாம். இரண்டு நாளில் அவர்கள் ஊர் திரும்புவார்கள். படமும் உடன் திரும்ப வேண்டும். சித்தூரிலிருந்து பேருந்தில் ஏறி வேலூருக்கு மருத்துவம் பார்க்கச் செல்வோரின் தேவையும் இதுவே. நோய் மாநில எல்லையை மதிப்பதில்லை. தகவல் அமைப்புகளோ பெரும்பாலும் மருத்துவமனையின் மதில் சுவரோடு நின்றுவிடுகின்றன.

இங்குதான் பெயர்ச் சிக்கல் எழுகிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் கருவி வாங்கும் குழுக்களில் இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. டைகாம் தரத்தில் நோயாளியின் பெயர் குடும்பப் பெயர், இடுபெயர் என்று பகுத்து எழுதப்படுகிறது. தெலுங்கு வழக்கில் வீட்டுப் பெயர் முதலில் வரும்: நந்தமூரி தாரக ராமராவ் என்பதில் நந்தமூரி வீட்டுப் பெயர். தமிழர்க்கோ பெரும்பாலும் குடும்பப் பெயரே இல்லை; மு. கருணாநிதி என்பதில் முதலெழுத்து தந்தையின் பெயர். பதிவு மேசையில் இருப்பவர் சுப்பிரமணியம் என்பதை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுத முடியும். ஒரே மனிதர் இரண்டு வாரத்தில் இரண்டு மனிதராகிவிடுவார். பழைய படம் கிடங்கில் இருந்தும் கிடைக்காது. அதைவிட அஞ்சத்தக்கது, இரண்டு மனிதர் ஒருவராகிவிடுவது. எனவேதான் கருவியின் முன் அமர்ந்திருப்பவர் பெயரைத் தட்டச்சு செய்யாமல், தகவல் அமைப்பு அனுப்பும் பணிப்பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் பதினான்கு இலக்க எண், பெயரை நம்பியிருக்கும் நிலையைக் குறைக்க வல்லது. எண்ணைக் கேட்டுப் பதியும் பழக்கம் பதிவு மேசைக்கு வரவேண்டும்.

செலவைப் பற்றி ஒரு சொல். பிலிமின் செலவு படத்துக்குப் படம் ஏறும் மாறும் செலவு. கணிப்பொறி அமைப்பின் செலவோ பெரும்பாலும் நிலைச் செலவு. நூறு படம் எடுத்தாலும் ஆயிரம் எடுத்தாலும் அதிகம் மாறாது. ஆகவே தனித்து நிற்கும் சிறு மருத்துவமனைக்கு இது சுமை. பல மருத்துவமனைகள் கூடிப் பயன்படுத்தினால் மலிவு. 2015இல் தேசிய நலவாழ்வு இயக்கம் வெளியிட்ட இலவசப் பரிசோதனைச் சேவை வழிகாட்டு நெறிகளில் தொலைக்கதிரியல் சேர்க்கப்பட்டதன் தருக்கம் இதுதான். இருப்பினும் நம் நாட்டில் அமைப்பை நிறுவிய பிறகும் பிலிமையும் அச்சிட்டுத் தருகிறோம். நோயாளி அதைக் கேட்கிறார். அடுத்த மருத்துவர் வேறு எதையும் பார்க்க இயலாதவர் என்று அவருக்குத் தெரியும். அவர் கேட்பதில் தவறில்லை.

ஒரே இடத்தில் குவிந்த தகவலுக்கு ஆபத்தும் உண்டு. 2022 நவம்பர் 23ஆம் நாள் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் கணிப்பொறிகள் தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாட்கள் கையால் எழுதியே பணி நடந்தது. மாற்றுப் பிரதியை வேறோர் ஊரில் வைப்பது ஆடம்பரமன்று.

ஒப்பந்தப்புள்ளி எழுதப் போகும் அலுவலர்கள் இரண்டு விதிகளை மறவாமல் சேர்க்க வேண்டுகிறேன். முதலாவது, பராமரிப்புச் செலவு. கருவி வாங்க மூலதன ஒதுக்கீடு கிடைத்துவிடும். ஐந்தாம் ஆண்டில் வட்டுகள் நிறையும்போது கேட்கும் தொகைக்குத் தலைப்பே இருக்காது. அதை முதல் நாளிலேயே கணக்கில் கொள்ளுங்கள். இரண்டாவது, ஒப்பந்தம் முடியும் நாளில் எல்லாப் படங்களையும், அவற்றுக்குரிய அறிக்கைகளுடன், தனிக் கட்டணமின்றி டைகாம் வடிவிலேயே திருப்பித் தர நிறுவனம் கடமைப்பட்டிருக்க வேண்டும். உள்நோயாளியின் ஆவணங்களை மூன்றாண்டு காக்கவும், கேட்டால் 72 மணி நேரத்தில் தரவும் 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் மருத்துவரைப் பணிக்கின்றன. படம் வேறொருவரின் பூட்டுக்குள் இருந்தால் அந்த 72 மணி நேரத்தை அவர் எங்கே போய்த் தேடுவார்?