மருத்துவமனை வாசலோடு முடிவதில்லை மருத்துவம்

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற நோயாளர் நாள் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் நோயுற்றோரைப் பற்றிப் பேச ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கியது மிகவும் பொருத்தமே. நற்கருணையை ஏந்தி வீடு வீடாகச் செல்லும்போது நாம் காண்பது என்ன? பக்கவாதத்தால் ஒரு கையும் காலும் விழுந்துபோனவர்கள், இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டிகள், புற்றுநோயின் வேதனையால் இரவெல்லாம் உறங்காதவர்கள். பலருடைய தலையணையின் அடியில் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கிறது. அதில் மருந்தின் பெயர் உண்டு. இனி யார் வந்து பார்ப்பார் என்பது இல்லை. "வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். யார் பார்ப்பது? எப்படிப் பார்ப்பது?

வீட்டிற்கு அனுப்புவது வேறு; வீடு தேடி வந்து பணி செய்வோரிடம் ஒப்படைப்பது வேறு. இன்று நாம் வலியுறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

ஒப்படைக்க ஆட்கள் உண்டா என்று கேட்கலாம். உண்டு. கேரளத்தில், 1993-ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் அவர்தம் தோழர்களும் தொடங்கிய வலி தணிப்புப் பணி, ஊர்மக்களே தொண்டர்களாகி வீடுகளுக்குச் செல்லும் பேரியக்கமாக வளர்ந்தது. 2008-இல் அம்மாநில அரசு அதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்கான மாத்திரைகள் வீட்டிற்கே வரவும், படுக்கையில் கிடப்போரை நாடி நோய்த்தணிப்புச் செவிலியரும் கைகால் பயிற்சி தரும் இயன்முறை மருத்துவரும் வரவும் அத்திட்டம் வழி செய்தது. இதற்கு வாசல் அந்தந்தப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையமே. ஆனால் தனியார் மருத்துவமனையிலிருந்து திரும்பிய நோயாளி இன்ன தெருவில் கிடக்கிறார் என்று ஒருவரும் சொல்லாவிட்டால், அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே மருத்துவப் பெருமக்களிடம் நாம் கேட்பது ஒரு கடிதம். அதில் நான்கு செய்திகள் இருந்தால் போதும்.

முதலாவது, நோய் என்ன, அதைப் பற்றி நோயாளிக்கும் வீட்டாருக்கும் எவ்வளவு சொல்லப்பட்டிருக்கிறது என்பது. இது தெரியாமல் வரும் செவிலியர் வாசற்படியிலேயே தடுமாறுவார்.

இரண்டாவது, எந்த மருந்து, எந்த வேளை, எத்தனை நாள் என்பது.

மூன்றாவது, சிறுநீர்க் குழாயோ மூக்குவழி உணவுக் குழாயோ பொருத்தியிருந்தால், பொருத்திய நாளும் மாற்றவேண்டிய நாளும். படுக்கைப் புண் இருக்கிறதா, எவ்வளவு எழுந்து நடக்கலாம் என்பதும்.

நான்காவது, எந்த அறிகுறி கண்டால் மீண்டும் அழைத்து வரவேண்டும், யாரைத் தொலைபேசியில் கேட்கவேண்டும் என்பது.

கடிதத்தைக் கொடுத்ததோடு நின்றுவிடாமல், சுகாதார நிலையத்தோடு ஒருமுறை பேசிவிட்டால் இன்னும் நன்று. வீட்டில் நோயாளியைத் தூக்கிப் புரட்டப்போவது யார் என்று கேட்டு, அவரை அருகில் அழைத்து, இரண்டு மணிக்கு ஒருமுறை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று காட்டித் தந்தால், எத்தனையோ படுக்கைப் புண்களைத் தடுக்கலாம்.

புற்றுநோயாளரின் வலியைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். மார்ஃபின் மாத்திரை கடும் வலியைத் தணிக்கும். ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் அது நோயாளிக்குக் கிடைப்பது அரிதாயிற்று. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. எனினும் செவிலியர் தாமாகவே அதைத் தொடங்க முடியாது, மருத்துவர் எழுதவேண்டும். வலி வரட்டும் என்று காத்திராமல் நேரம் தவறாது கொடுக்கவேண்டிய மருந்து அது. மருத்துவரின் ஒரு கையெழுத்துக்காக ஒரு மனிதர் இரவு முழுவதும் துடிப்பது நியாயமா?

இனி, பங்கு மக்களுக்கு ஒரு சொல். வீட்டிற்குச் செவிலியர் வந்தால் "முடிவு நெருங்கிவிட்டது" என்று அஞ்சுவோர் பலர். இந்த அச்சம் நமக்குப் புதிதல்ல. குருவானவர் எண்ணெயோடு வந்தாலே மரணம் வந்துவிட்டதென்று, நினைவு தப்பும்வரை நம்மை அழைக்காத குடும்பங்கள் எத்தனை! அதனாலன்றோ 1963-இல் வத்திக்கான் சங்கம், 'கடைசிப் பூசுதல்' என்பதைவிட 'நோயில்பூசுதல்' என்ற பெயரே தகும் என்றும், சாகும் தறுவாய் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றும் அறிவித்தது! இல்ல மருத்துவமும் அவ்வாறே. பக்கவாதம் கண்டவருக்குப் பயிற்சி தாமதமானால் மூட்டுகள் இறுகிவிடும். முன்னதாக அழைத்தால் எழுந்து உட்காரக்கூடியவரை, பிந்தி அழைத்துப் படுக்கையிலேயே விட்டுவிடலாமா?

இன்னொன்று. பெற்றோரைப் பெரிய மருத்துவமனையிலேயே வைத்திருப்பதுதான் பாசம் என்றெண்ணி, நிலத்தை விற்று, நகையை அடகு வைப்போர் உண்டு. குணமாகக்கூடிய நோய்க்குச் செலவிடுங்கள், நாம் தடுக்கவில்லை. திடீர் மயக்கமோ மூச்சுத் திணறலோ என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். ஆனால் மருத்துவரே "இனி வீடுதான் நல்லது" என்றால், அதைக் கைவிட்ட சொல்லாகக் கொள்ளாமல், "யாரிடம் எங்களை ஒப்படைக்கிறீர்கள், ஐயா? ஒரு கடிதம் தாருங்கள்" என்று பணிவோடு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் நோயாளரைச் சந்திக்கச் செல்லும்போது இந்தக் கடிதம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையெனில் வீட்டாரோடு சுகாதார நிலையத்திற்கு ஒரு நடை போய்வாருங்கள். இரவும் பகலும் கண்விழிக்கும் மகளோ மருமகளோ இரண்டு மணிநேரம் உறங்கும்படி, நோயாளியின் அருகில் நீங்கள் அமர்ந்திருங்கள்.

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்ற சொல் நம் பங்கில் எந்த நோயாளியின் காதிலும் விழாதிருப்பதாக. குணமாக்க இயலாதபோதும் வலியைத் தணிக்கலாம், புண்ணைக் கழுவலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம். மருத்துவர் எழுதட்டும், செவிலியர் வரட்டும், நாம் கதவைத் திறந்து வைப்போம்.