நான்கு நாளும் ஒரு காலையும்
(கிளைச் செயலவையினர் பயிற்சி வகுப்பில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று ஜெர்மனியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும், பால்மரம் வெட்டும் மூத்த தோழர் ஒருவர், "கிராணி ஐயா, நம் சம்பளப் பேச்சை விட்டுவிட்டு ஹிட்லர் கதை எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் சொல்ல வந்தது ஹிட்லர் கதையன்று. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையிலே, உலகத்திலேயே பலம் வாய்ந்தவை என்று பெயர் வாங்கிய தொழிற்சங்கங்கள் ஒரு காலை வேளையில் எப்படிக் காணாமற் போயின என்ற கதை. அதிலே கிராணிமாருக்கும் பங்கு உண்டு. ஆகையால் நானே சொல்வது பொருத்தம்.

முதல் போர் 1918 நவம்பரில் முடிந்தபோது ஐரோப்பாவில் முடிகள் உருண்டன. ரஷ்யாவின் ஜார் முந்திய ஆண்டே போய்விட்டான். ஆஸ்திரியப் பேரரசு துண்டு துண்டாயிற்று. ஜெர்மன் கெய்சர் ஹாலந்துக்கு ஓடினான். முதலாளிமார் பயந்து போனார்கள். அந்தப் பயத்திலே, நவம்பர் 15ஆம் நாள் சங்கங்களுடன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எட்டு மணி நேர வேலையும் சங்க அங்கீகாரமும் கிடைத்தன. தொழிலாளர் சங்கக் கூட்டமைப்பிலே 1920 வாக்கில் ஏறத்தாழ 80 இலட்சம் பேர் சந்தா கட்டினார்கள்.

அவ்வாண்டு மார்ச் 13 விடியற்காலையில் ஒரு படைப்பிரிவு பெர்லினுக்குள் நுழைந்தது. காப் என்ற அதிகாரி தன்னை ஆட்சித் தலைவன் என்று அறிவித்தான். படைத் தளபதிகள் எதிர்த்து நிற்க மறுத்தார்கள். அமைச்சர்கள் முதலில் டிரெஸ்டனுக்கும் பிறகு ஸ்டுட்கார்ட்டுக்கும் ஓடினார்கள். ஓடாதவர்கள் சங்கத்தார். கார்ல் லெகீன் தலைமையில் பொது வேலை நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. ரயில் நின்றது, டிராம் நின்றது, மின்சாரமும் எரிவாயுவும் நின்றன, பத்திரிகை வரவில்லை. இது தொழிலாளி செய்த வேலை. கிராணிமார் செய்ததையும் கேளுங்கள். அலுவலர் சங்கக் கூட்டமைப்பும் அந்த அழைப்பிலே சேர்ந்து கொண்டது. அமைச்சகங்களில் அதிகாரிகளும் எழுத்தர்களும் காப்பின் உத்தரவுகளுக்குப் பணியவில்லை. மத்திய வங்கி அவனுக்குப் பணம் கொடுக்க மறுத்துவிட்டது. துப்பாக்கியோடு அரண்மனைத் தெருவில் உட்கார்ந்திருந்தவனுக்குச் செக்கு மாற்ற வழியில்லை! மார்ச் 17ஆம் நாள் காப் ஓடிப்போனான். நான்கே நாள்.

அந்த வெற்றியிலே ஒரு கசப்பும் கலந்தது. வேலை நிறுத்தத்தால் பிழைத்த அதே அரசாங்கம், சில வாரங்களில், ரூர் சுரங்கப் பகுதியில் ஆயுதம் தாங்கிய தொழிலாளர் மீது இராணுவத்தை ஏவியது. அதற்கு முன்னே 1919 ஜனவரியில் ரோசா லக்ஸம்பர்க் அம்மையாரும் கார்ல் லீப்னெக்டும் படையினரால் கொல்லப்பட்டிருந்தார்கள். சமூக ஜனநாயகக் கட்சித் தொழிலாளிக்கும் கம்யூனிஸ்டுத் தொழிலாளிக்கும் இடையே இரத்தம் விழுந்துவிட்டது. பிற்காலத்துப் பகையைப் பேசுவோர் இதை மறக்கலாகாது.

பிறகு வந்தது 1923. நஷ்ட ஈட்டுப் பாக்கிக்காக பிரெஞ்சுப் படையும் பெல்ஜியப் படையும் ரூர் பகுதியைப் பிடித்தன. வேலை செய்ய மறுத்த தொழிலாளருக்குப் படியளக்க அரசாங்கம் நோட்டை அச்சடித்துக்கொண்டே போயிற்று. போருக்கு முன் ஓர் அமெரிக்க டாலருக்கு நான்கு மார்க்கும் சொச்சமும். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க்! சம்பளத்தைக் கையில் வாங்கியதும் கடைக்கு ஓட வேண்டும். தாமதித்தால் ரொட்டி விலை ஏறிவிடும். சங்கத்தின் சேமநிதி காகிதக் குப்பையாயிற்று. அடுத்த ஆண்டு முடிவதற்குள் உறுப்பினரில் ஏறக்குறைய பாதிப் பேர் கழன்று போனார்கள். எட்டு மணி நேர வேலையும் பல தொழில்களிலே கைவிட்டுப் போயிற்று.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். தொழிலாளிக்கு 1923இல் போனது சம்பளம். புதுப் பணம் வந்ததும் புதுச் சம்பளம் வந்தது. எழுத்தருக்கும் ஆசிரியருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் போனதோ ஆயுள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பு. அது திரும்பவில்லை. கையிலே காசில்லை, மிச்சமிருந்தது வெள்ளைச் சட்டையும் 'நான் கூலியல்லன்' என்ற எண்ணமும்தான். அந்த எண்ணத்தை ஊட்டி வளர்த்த சங்கம் ஒன்று இருந்தது. வணிக அலுவலருக்கான அந்தத் தேசியச் சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை, யூதருக்கும் இடமில்லை. தொழிலாளர் சங்கத்தோடு சேருவதைத் தாழ்வு என்று அது கருதியது. 1920இல் தோளோடு தோள் நின்ற கிராணிமாரில் பலர் இப்படி மெல்ல விலகிப் போனார்கள். அவர்கள் பசியையோ பயத்தையோ நான் ஏளனம் செய்யவில்லை. செக்ரோல் எழுதும் எனக்கு அந்த எண்ணம் எப்படி முளைக்கும் என்று தெரியும். பெரட்டுக் களத்தில் ஒரு பக்கம் புத்தகத்தோடு நிற்பவனும் மறு பக்கம் வாளியோடு நிற்பவரும் ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறார்கள் என்பது சில நாளில் எனக்கே மறந்து போகும்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அமெரிக்கக் கடனில் நின்ற ஜெர்மன் தொழில்கள் சாய்ந்தன. அதே சரிவு நம் முன்னோரையும் தொட்டது: 1925இல் ராத்தல் ஒரு வெள்ளிக்கு மேல் விற்ற ரப்பர் 1932இல் சில காசுக்கு இறங்கி, பல்லாயிரம் பேர் இங்கிருந்து கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஜெர்மனியிலோ 1932இன் தொடக்கத்தில் வேலையற்றோராகப் பதிந்தவர் மட்டும் 60 இலட்சத்துக்கு மேல். 1928இல் 12 இடம் பெற்றிருந்த நாஜிக் கட்சி 1932 ஜூலையில் 230 இடம் பெற்றது.

அந்த மாதமே மத்திய அரசு, பிரஷ்ய மாநிலத்தின் சமூக ஜனநாயக ஆட்சியைக் கலைத்தது. 1920ஐப் போலச் சங்கம் அழைக்கும் என்று பலர் காத்திருந்தார்கள். அழைப்பு வரவில்லை. இங்கிருந்து கொண்டு அவர்களைக் கோழைகள் என்று சொல்வது எளிது. 1920இல் ஆலைக்கு ஆள் தேவைப்பட்டது. 1932இலோ ஒருவன் கருவியைக் கீழே வைத்தால் எடுக்கப் பத்துப் பேர் வாசலில் நின்றார்கள். நிரையை விட்டு இறங்கினால் வெளி ஆள் ஏறிவிடுவான் என்ற அச்சத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு கணக்கு என் மனத்தை விட்டு அகலவில்லை. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகளுக்கு 196 இடம். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 121, கம்யூனிஸ்டுகளுக்கு 100; கூட்டினால் 221. கூட்டத்தான் ஆளில்லை. ஒரு சாரார் மறு சாராரைச் 'சமூகப் பாசிஸ்டுகள்' என்று ஏசிக்கொண்டிருந்தார்கள்.

1933 ஜனவரி 30இல் ஹிட்லர் பதவியேற்றான். சங்கத் தலைவர்கள் கட்டடத்தையும் நிதியையும் அமைப்பையும் காப்பாற்ற எண்ணி விட்டுக்கொடுத்தார்கள். அவன் மே முதல் நாளைச் சம்பளத்தோடு விடுமுறை ஆக்கினான்; தொழிலாளர் எத்தனை ஆண்டு கேட்டுப் பெறாத சலுகை! அவனுடைய விழாவில் கலந்துகொள்ளுங்கள் என்று சங்கமே உறுப்பினரை அழைத்தது. மறுநாள் மே 2, காலையில், நாடெங்கும் சங்க அலுவலகங்களில் அவன் படையினர் புகுந்தார்கள். கூட்டமைப்பின் தலைவர் தியோடர் லைப்பார்ட் கைதானார். நிதியும் கட்டடமும் பத்திரிகையும் அவர்கள் வசமாயின. மே 10ஆம் நாள் முதலாளியும் தொழிலாளியும் ஒன்று என்று சொல்லி 'தொழிலாளர் முன்னணி' தொடங்கப்பட்டது. அன்றிரவே பெர்லினில் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். வேலை நிறுத்த உரிமை போயிற்று. தனியே நின்றால் தப்பலாம் என்றிருந்த அலுவலர் சங்கமும் அந்த முன்னணிக்குள் கரைக்கப்பட்டது.

ஒருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. கூட்டமைப்பின் செயற்குழுவிலிருந்த வில்ஹெல்ம் லாய்ஷ்னரை, அவ்வாண்டு ஜூனில் ஜெனீவா தொழிலாளர் மாநாட்டுக்கு அழைத்துப் போய், புதிய முன்னணிக்குச் சான்று சொல்லச் சொன்னார்கள். அவர் வாய் திறக்கவில்லை. திரும்பியதும் சிறை. ஹிட்லரைக் கவிழ்க்கும் முயற்சியில் சேர்ந்திருந்தார் என்று 1944 செப்டம்பர் 29இல் தூக்கிலிட்டார்கள்.

போருக்குப் பின், 1949இல் மூனிச்சில் மேற்கு ஜெர்மனியின் சங்கங்கள் கட்சி வேறுபாடின்றி ஒரே கூட்டமைப்பாகக் கூடின. அலுவலர் சங்கம் ஒன்று மட்டும் அப்பொழுதும் தனியே நின்றது. மற்றவர்களோடு அது சேர்ந்தது 2001இல்.